ரேஸ் காருக்கு ஒரு பிரேக்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்றும் வண்டியை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்தேன். மீட்டர் 41,206. போன ஞாயிறும் அதேதான். இரண்டு வருடமாக அதேதான்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். "மீட்டரக் காட்டு." காட்டினேன். "ஆக்ஸிலேட்டர லேசா மிதி." மிதித்தேன். பக்கத்தில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளும் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. கொட்டகை முழுக்கப் புகை.

ரெண்டே சீட்டு, மேல்மூடி திறக்கும் சிவப்பு வண்டி. ஊரில் எல்லோருக்கும் அது ரேஸ் காரு. கல்யாணத்துக்கு முன்னால் அவர் சென்னையில் வேலை பார்த்தபோது யாரிடமோ பழையதாக வாங்கியது. செய்த கம்பெனியையே மூடிவிட்டார்களாம். இப்போது கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஆட்டுப் புழுக்கை நடுவே நின்று வாரம் பத்து நிமிடம் உறுமுகிறது.

எஞ்சின் ஓடுது, வண்டி நகரல. என்னையும் இந்த வீட்டில் அப்படித்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. தோன்றியதை எழுதிவிட்டேன், இதை யார் படிக்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மலையிலிருந்து இறங்கும் நாலரை மணி பஸ்ஸை மூன்றே முக்காலுக்கு மாற்றி ஒரு மாதம் ஆகிறது. நான் வேலை பார்க்கும் மலைப் பள்ளி விடுவது நாலு பத்துக்கு. அடுத்த பஸ் ஏழு மணிக்கு, அதுவும் வந்தால்தான் வந்தது. இத்தனை நாளாக ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இன்று தலைமையாசிரியர் அமிர்தம் மேடம் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "பிள்ளைங்க பின்னம் பாதியில நிக்குதும்மா. காலாண்டு லீவு முடிஞ்சு வர்றப்ப ஒரு வழி பண்ணிக்கினு வாங்க. இல்லன்னா வேற ஆளப் போட்டாகணும்." என்னுடையது தற்காலிக வேலை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது.

மேலேயே ஓர் அறை எடுத்துத் தங்கட்டுமா என்று அத்தையைக் கேட்டேன். கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார். "புருஷன் சீமையில, பொண்டாட்டி மலையில, நாங்க இன்னாத்துக்கு வூடு காத்துக்கினு கெடக்கறோம்?"

ஸ்கூட்டர்? "மழையில மலையிலயா? பொம்பளயா?" அதோடு சரி.

அக்டோபர் 6 பள்ளி திறக்கிறது. ஐம்பத்து மூன்று நாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஸ்டார்ட் செய்தேன். 41,206.

அவரிடம் பஸ் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப வேலைய வுட்டுடு. அது இன்னா பெரிய சம்பளம்?" என்றார். சம்பளத்துக்காகவா போகிறேன்? காலையில் கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலை ஏறும்போதுதான் என் மூச்சு எனக்குச் சொந்தம். இதை எந்த வார்த்தையில் சொல்வது. சொன்னாலும் சிக்னல் இல்லை என்பார்.

சொல்லவில்லை. "இந்த வண்டியில போய் வரட்டுமா?" என்று கேட்டேன். சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தது கேட்டது.

"அதுக்கு எங்க பிரேக்கு இருக்குது? சென்னையில சிக்னலுக்கே நிக்காது. மலையில எறக்கினா நேரா கோமுகி டேமுலதான் போய் நிக்கும்."

"மாத்தினா?"

"மாத்திக்கோ! ஒன்னால முடிஞ்சா மாத்திக்கோ. ஒன்றர லட்சம் கேப்பான். நான் பத்து பைசா அனுப்ப மாட்டேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமா வாசலில் உட்கார்ந்து கதிர் அரிவாளுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு இரும்பைக் கண்டால் எண்ணெய் போட வேண்டும். மண்வெட்டி, கேட் கீல், மோட்டார் கொட்டகைத் தாழ்ப்பாள், என் குடைக் கம்பி வரைக்கும். தலையைத் தூக்காமலே சொன்னார்: "மாத்திக்கோன்னுதான சொன்னான்?"

ஆகஸ்ட் 23, சனி

கள்ளக்குறிச்சி, துருகம் சாலை, வேடியப்பன் ஒர்க்‌ஷாப். பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் இருந்த லைசென்ஸை எடுத்துக்கொண்டு, சமவெளியில் முப்பதிலேயே ஓட்டிக்கொண்டு போனேன். திருநாவலூரில் அம்மா வீட்டில் இருந்தபோது எடுத்த லைசென்ஸ். கை மறக்கவில்லை. மாமா பக்கத்துச் சீட்டில். "ஒன்னத் தனியா அனுப்பினா ஊரு இன்னா சொல்லும்?" ரெண்டு சீட்டு வண்டியில் ஒன்று எனக்கு, இன்னொன்று காவலுக்கு.

வேடியப்பன் அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிரேக் ஆயிலைத் திறந்து காட்டினார், டிகாஷன் மாதிரி இருந்தது. ரப்பர் குழாய்கள் வெடிப்பு விட்டிருந்தன. "ஆனைய வாங்கினவரு அங்குசத்துக்கு யோசிச்சிருக்காரு, டீச்சர்."

என்னிடம் பதினெட்டாயிரம்தான் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கஸ்டமர் யாரும் அப்படிச் சொல்வதில்லையாம். ஒன்றரை லட்சத்துக்கு விற்கிற பிரேக் செட்டெல்லாம் பார்த்து ரசிக்கத்தான், வண்டி நிற்கிறதுக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்றார். இதே எஞ்சின் போட்ட சாதாரணக் கார் ஒன்று உண்டாம். அடிபட்ட காரிலிருந்து அதன் காலிபரை எடுத்து, சக்கரத்தோடு சுற்றும் புது டிஸ்க் தட்டு, காலிபருக்குள்ளிருந்து அதைக் கவ்வும் புது பேட், குழாய், ஆயில் போட்டால் போதும். பின் சக்கரத்தில் டிரம் அப்படியே இருக்கட்டும், ஷூ மட்டும் மாற்றலாம். "ஆனா ஒரு தடவ மலையில பாதி ஏறி எறங்கிட்டு வாங்க. எந்த எடத்துல வுடுதுன்னு எனக்குத் தெரியணும்."

செப்டம்பர் 6, சனி

அத்தைக்குத் தெரிந்தால் தொலைந்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஏறும்போது ஒன்றும் இல்லை. பாதி வழியில் திருப்பிக்கொண்டு இறங்கினோம். நாலாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் சரி. ஐந்தில் பெடல் கொழகொழவென்று போனது. ஆறில் கால் தரையைத் தொட்டுவிட்டது — வண்டி நிக்கல. கருகின நாத்தம். மாமா தன் பக்கத்துத் தரைத் தகரத்தை ரெண்டு காலாலும் அழுத்திக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, நீ அமுக்கிக்கினே கீற, இது போய்க்கினே கீது!"

செகண்ட் கியர், அப்புறம் ஹேண்ட் பிரேக், அப்புறம் பாறை ஓரத்துச் செடிகளில் உரசி நின்றது. முன் சக்கரத்திலிருந்து புகை. கீழே எட்டிப் பார்த்தால் அணைத் தண்ணீர். அவர் சொன்னது விளையாட்டு இல்லை.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மாமா வெற்றிலை போட்டுக்கொண்டார், சுண்ணாம்பு வேட்டியெல்லாம் ஆனது. வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார், எப்படி இருந்தது என்று. மாமா என்னைப் பார்க்காமல், "காத்து நல்லா வந்துச்சி" என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

41,288. போன இரண்டு ஞாயிறும் சிக்னல் இல்லை என்று தப்பித்தேன், இன்று மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார் என்று பொய் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

போனை வைத்த பிறகு யோசித்தேன். அங்கே ஓர் அறையில் பன்னிரண்டு பேர். காலையில் லாரிக்குப் பின்னால் உட்காரவைத்து வேலைக்குக் கூட்டிப் போகிறார்கள். ரேஸ் கார் வைத்திருக்கிற மனுஷன். அந்த எண் மாறாமல் இருந்தால்தான் ஊரில் எல்லாம் தான் விட்டுவந்தபடியே இருக்கிறது என்று அவருக்கு நிம்மதி போல. பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் நானும் அந்த எண்ணோடு சேர்ந்து மாறாமல் நிற்க வேண்டியிருக்கிறதே.

செப்டம்பர் 13, சனி

சேலத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து காலிபர் வந்துவிட்டது. மாட்டினால் என் வீட்டுக்காரரின் பளபள அலாய் வீல் உள்ளே இடிக்கிறது. ஒரு சுற்றுகூட சுற்றவில்லை.

அடிபட்ட அதே காரின் கறுப்பு இரும்பு வீல் நாலும் டயரோடு கிடைக்குமாம், இடிக்காதாம். ஆனால் என் பதினெட்டாயிரம் டிஸ்க்குக்கும் மற்றதுக்குமே சரியாகப் போகிறது. வேடியப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "அலாய்ய ஒருத்தன் கேட்டுக்கினு இருக்கான், டீச்சர். குடுத்தா இதுவும் வரும், நல்ல பேடாவும் போடலாம். ஆனா ஐயாவக் கேக்கணும் இல்ல?"

ஐயாவைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா.

கொடுத்துவிட்டேன். கேட்காமல். நாலு வருடத்தில் இந்த வீட்டில் யாரையும் கேட்காமல் நான் செய்த முதல் காரியம். வரும் வழியெல்லாம் பயமா சந்தோஷமா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 20, சனி

இன்று பிரேக்கில் ஏர் எடுத்தோம். குழாயில் காற்று இருந்தால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. வேடியப்பன் அண்ணன் வண்டிக்கு அடியில், நான் சீட்டில். "அமுக்குங்க டீச்சர்... வுடாதீங்க... வுடாதீங்க... ம், இப்ப வுடுங்க." நாலு சக்கரத்துக்கும். மதியம் வரைக்கும் கால் வலி. வுடாதீங்க என்று சொல்ல இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள், வுடுங்க என்று சொன்னது இவர் ஒருத்தர்தான் என்று சிரிப்பு வந்தது.

பெடல் இப்போது கல் மாதிரி நிற்கிறது.

இரும்பு வீலில் வண்டி பார்க்கச் சகிக்கவில்லை. பட்டுச் சேலை கட்டி ரப்பர் செருப்புப் போட்டதுபோல். வீடியோவில் மீட்டர் மட்டும்தான் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

புது பேட் டிஸ்க்கோடு பழக வேண்டுமாம். அறுபதில் போய் இருபதுக்குக் குறைக்க வேண்டும், நிறுத்தக்கூடாது. இருபது தடவை. அணைச் சாலையில் காலையில் செய்தோம். மாமா சத்தமாக எண்ணினார். பன்னிரண்டில் ஒரு மாடு குறுக்கே வந்து கணக்கு தப்பியது, மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார். களை எடுக்கப் போன பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு வேகமா வருது, பம்முது, வேகமா வருது, பம்முது? மாமனாருக்கும் மருமவளுக்கும் சண்டயா?"

பிறகு முழு மலையும் ஏறி இறங்கினோம். எல்லா வளைவிலும் நின்றது. வெள்ளிமலையில் டீ வாங்கிக் கொடுத்தேன் மாமாவுக்கு. எட்டு நாள் இருக்கிறது. போதும்.

அவரிடம் சொன்னேன், பிரேக் போட்டாயிற்று என்று. "விஜயதசமி அன்னிக்கு அப்பாவ உக்கார வெச்சி வீடியோல ஓட்டிக் காட்டு. நான் பாத்தாதான் ஒத்துக்குவேன்" என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நேற்று மழை, கொட்டகை ஓலை ஒழுகி வண்டி நனைந்திருந்தது. காலையில் கழுவினேன். பிறகு அடுப்படியிலிருந்து நகர முடியவில்லை, சுண்டல், பொரி, சர்க்கரைப் பொங்கல். மாமா கொட்டகையிலேயே இருந்தார். அரிவாள், மண்வெட்டி, வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தார். கற்பூர வெளிச்சத்தில் வண்டி அழகாகத்தான் இருந்தது, இரும்பு வீலோடும்.

அக்டோபர் 2, வியாழன்

முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது.

கொட்டகையிலிருந்து எடுக்கும்போதே பிரேக் வழுக்குவதுபோல் இருந்தது. நேற்றுக் கழுவிய ஈரம் என்று நினைத்தேன். மடச்சி. மாமா போனைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதில் அவர் முகம். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். எதிரில் டிராக்டர். மிதித்தேன். பெடல் கல்லாட்டம் நிக்குது, வண்டி மட்டும் வழுக்கினு போவுது! இன்னா பண்றது, சோளக் குவியலிலேயே விட்டேன். குவியல்தான் நிறுத்தியது. ஒரு லைட் உடைந்தது. யாருக்கும் அடி இல்லை. சோளக்கார ராசு கத்திய கத்து மேற்கே மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

போன் வெளியே ரோட்டில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே அவருக்கு வீல் தெரிந்துவிட்டது. "என் அலாய் எங்கடீ?" அப்பாவுக்கு அடிபட்டதா என்றுகூட அப்புறம்தான் கேட்டார்.

பிரேக்தான் பிடிக்கவில்லை என்று அத்தையிடம் அழுதேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணன்னாளாம்."

அவர் சொல்லிவிட்டார். வண்டியை விற்க வேண்டும். வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

எதில் தப்பு செய்தேன்? அண்ணனா, நானா? நாலு தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ராஜினாமா இரண்டு வரிதான் வருகிறது.

அக்டோபர் 4, சனி

வேடியப்பன் அண்ணன் தானாகவே பைக்கில் வந்தார். தன் வேலை தப்பாகியிருந்தால் தானே பார்க்க வேண்டும் என்றார். வீலைக் கழற்றினார். டிஸ்க்கில் விரலை வைத்துத் தேய்த்தார், மோந்தார். என்னிடம் விரலை நீட்டினார்.

விளக்கெண்ணெய்.

கொட்டகை வாசலில் மாமா நின்றிருந்தார். கையில் அந்த எண்ணெய்த் துணி.

"மழையில நனஞ்சி செவப்பா துரு ஏறிக்கினு இருந்துச்சிம்மா. நீ காசு போட்டு வாங்கின புது இரும்பு... குச்சியில துணி சுத்தி, வீல் ஓட்ட வழியா பூசனேன். பூஜைக்கு எல்லா இரும்புக்கும்தான பூசறது."

நான் கத்தினேன். அண்ணன் முன்னால், அத்தை முன்னால். "எல்லாத்துக்கும் எண்ணெ, எண்ணெ, எண்ணெ! பிரேக்குக்கு யாராவது எண்ணெ பூசுவாங்களா? உங்களாலதான் என் வேல போச்சு! உங்க புள்ளகிட்ட நானே சொல்றேன் இருங்க!" இன்னும் என்னென்னவோ. மாமா துணியை மடித்து ஓலையில் செருகிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மதியம் சாப்பிட வரவில்லை.

பேட் எண்ணெய் குடித்துவிட்டது, துடைத்தாலும் தேறாது, புதுசுதான் போட வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் முந்நூறு ரூபாய் இருக்கிறது.

அந்தத் துரு ஒன்றுமில்லை, ரெண்டு தடவை மிதித்தால் தானாகப் போய்விடும் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கத்தியிருக்கக் கூடாது. அவருக்கு என் அப்பாவைவிடப் பெரிய வயசு.

அக்டோபர் 5, ஞாயிறு

விடிகாலையில் கொட்டகையில் ஒரு ஆடுதான் இருந்தது. தீபாவளிக்கு வளர்த்த கிடாயை மாமா கறிக்கடைக்கு ஓட்டிவிட்டார். அத்தை போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் எழுந்துவிட்டது. மாமா பணத்தை என் கையில் கொடுக்கவில்லை, வண்டி சீட்டில் வைத்துவிட்டு, "கள்ளக்குறிச்சி போவணும்ல, கெளம்பு" என்றார். எண்ணெய் பிசுக்கை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு, இருபதிலேயே உருட்டிக்கொண்டு போனோம். மதியத்துக்குள் புது பேட். லைட்டுக்கு இப்போதைக்கு டேப் ஒட்டியிருக்கிறது. திரும்பும்போது அணைச் சாலையில் மறுபடி இருபது தடவை. இந்த முறை மாமா கணக்குத் தப்பவில்லை. வழியெல்லாம் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, எண்ணுகிறாரே என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. "மீட்டர் இன்னா காட்டுது? எழுதிக் குடுத்துட்டியா?" நான் வாயைத் திறப்பதற்குள் மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார். அவர் போன் பிடித்தால் காதுதான் தெரியும்.

"டேய் இளவரசா. பிரேக்குல எண்ணெ பூசனது நான். அவ மேல தப்பு இல்ல."

அவர் ஏதோ சொன்னார்.

"வீலா? வித்துட்டோம்டா. நிக்காத வண்டிக்கு அழகு இன்னாத்துக்கு?"

நான் மட்டும்தான் விற்றேன்.

"நாளைக்கு நான் கூட போறேன். நீ வேலையப் பாரு." சிவப்பு பட்டனை அழுத்தத் தெரியாமல், போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினார். உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் சத்தம் வந்தது.

நான் மாமா காலில் விழுந்தேன். "எழு, எழு. வெள்ளாட்டுக்குத் தண்ணி வெச்சியா?" என்றார்.

அக்டோபர் 6, திங்கள்

போனேன். நாலு பத்து வரைக்கும் பின்னம். மாமா காலையிலிருந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், பிள்ளைகளோடு மதியச் சோறு சாப்பிட்டார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கறி இல்லை, முட்டைக் குழம்பு. அத்தை ஒவ்வொரு முட்டையையும் எங்கள் இலையில் வைக்கும்போது ஒரு தடவை கிடாயை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. புதுச் சேலைக்குப் பணம் வந்தது, செய்தி வரவில்லை. பின்னத்தில் ஒரு கணக்குப் போல் இருக்கிறது, பாதிதான் தீர்ந்திருக்கிறது.

நவம்பர் 5, புதன்

மாமா தினமும் வருகிறார். தினமும் எல்லா வளைவிலும் என்னோடு சேர்ந்து தகரத்தை மிதிக்கிறார். பள்ளியில் அமிர்தம் மேடம் அவருக்கு ஒரு நாற்காலியே போட்டுவிட்டார். கொஞ்ச நாளாக எனக்கு எரிச்சல். நன்றி கெட்டவள் என்று என்னையே திட்டிக்கொண்டாலும், எரிச்சல்.

இன்று அணைக்கட்டு திருப்பத்தில், "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"பம்புசெட்டுக்குப் போவணும். நீ போம்மா."

"மாமா, ஊரு இன்னா சொல்லும்?"

"பிரேக்குதான் புடிக்குதே."

இந்தப் பக்கம் பம்புசெட்டும் இல்லை, எங்கள் வயலும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தார். அவர் கண்ணாடியில் சின்னதாகும் வரை நின்றேன். பிறகு மேல்மூடியைத் திறந்து மடித்தேன். முதல் கியர்.

எல்லா வளைவும் நானே.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. வாரம் முழுக்க ஓடுகிறது, ஞாயிறு நிற்கட்டும். அத்தை அதன் மேல் துவைத்த போர்வையை விரித்துக் காயவைத்திருக்கிறார்.

அவர் கூப்பிட்டார். ரொம்ப நேரம் மழை, சாப்பாடு என்று என்னவோ பேசினார். கடைசியில் மெதுவாக, "மீட்டர் எவ்ளோ?" என்றார்.

பார்க்கவில்லை என்றேன். நிஜமாகவே பார்க்கவில்லை.